அந்திச் செங்கைக்கு வெளியே ஐந்து பேர்

1

இந்தக் கதை எனக்குக் கதையாகக் கிடைக்கவில்லை. நூற்று முப்பத்தேழு எண்களாகக் கிடைத்தது. என் நாட்குறிப்பில் 2003ஆம் வருடம் ஆகஸ்ட் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்தால் 4, 2, 3, 6, 4, 3, 2, 5, 4, 3 என்று போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தின் அடியில் பச்சை மையில் இரண்டே சொற்கள்: "ஆதியம்மாள், ஜவ்வு." அன்று நான் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்பது நினைவிருக்கிறது. சிரித்ததை எழுதாமல் எண்ணை எழுதியிருக்கிறேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

பகலில் செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கிறேன். மாலை ஆறு முதல் எட்டு வரை ராட்டிணக்கிணறு பக்கம் ஒரு மாடியில் டி.டி.பி. வகுப்பு, கணினியில் அச்சுக்கோக்கப் படிக்கிறேன். எதையும் வரிசையாகக் குறித்துவைப்பது தொழில். குறித்தது சரிதானா என்று சந்தேகப்படுவது சுபாவம். ஆகவே வாசகருக்கு ஒரு ஏற்பாடு: சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் [இப்படி] நானாக ஊகித்தது. மற்றவை நடந்தவை, அல்லது நடந்ததாக வகுப்புத் தோழி சங்கரி சொன்னவை.

2

தொடக்கம் ஒன்று: "மாமல்லபுரத்துக் கடல் அன்று காலையிலிருந்தே"

நிறுத்திவிட்டேன். கதை நடக்கும் கடையிலிருந்து கடல் தெரியாது. பஸ் நிலையத்தின் பின்சுவர்தான் தெரியும்.

தொடக்கம் இரண்டு: "நகரத்தையும் மாயத்தையும் கலந்து, மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் விளையாட்டுகளுக்குத் தமிழ்நாட்டின் வடகடலோரத்தில் உள்ள சந்தை வாய்ப்பானது, மேற்படி விளையாட்டுகளைப் பற்றி யாரும் கேள்விப்பட்டிராத காரணத்தால்"

வக்கீல் நோட்டீஸ். இதையும் விட்டேன். ஆனால் விஷயம் இதுதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் மூன்று: சங்கரி எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் அதில் என்ன குறை என்றுதான் பார்ப்பாள்.

இது நிற்கட்டும்.

3

சங்கரி எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் அதில் என்ன குறை என்றுதான் பார்ப்பாள். மறைமலைநகரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் சோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை. காலை ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ். நாள் முழுக்க உருளை உருளையாக இரும்பு வரும். அளப்பாள், திருப்புவாள், விரலால் ஓரத்தைத் தடவுவாள். தேறாதது சிவப்புத் தொட்டிக்குப் போகும். தேறியதன் மேல் காலியாக ஓர் இடம் பார்த்துக் கூர் உளியால் ஒரே ஒரு புள்ளி குத்துவாள். அதற்குப் பெயர் ஓ.கே. குத்து. குத்து இல்லாத பொருள் கேட்டைத் தாண்டாது. நான்கு வருடத்தில் அவள் குத்திய பொருள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

மாலை வகுப்பில் எங்கள் வரிசையில் மூன்றாவது ஆள் ஷ்யாம். கல்பாக்கம் டவுன்ஷிப் பையன், அப்பா அணு ஆராய்ச்சியில். அவனுடைய பெரியப்பா மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது விட்டுப்போன ஒரு தடித்த புத்தகத்தை ஒருநாள் கொண்டுவந்தான். ஒரு விளையாட்டின் விதிப் புத்தகம். பலகை இல்லை, காய் இல்லை.

"ஒருத்தர் கதை சொல்லணும். மத்தவங்க அதுக்குள்ள ஆளா இருக்கணும்" என்றான் ஷ்யாம். "நான் இந்தக் கதவைத் திறக்கிறேன்னு நீ சொல்லுவ. திறக்குமா திறக்காதான்னு பகடை சொல்லும்."

"யாரு ஜெயிப்பா?" என்றாள் சங்கரி.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க."

"தோக்கறது?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு ஆடறது?"

ஷ்யாம் புத்தகத்தைப் புரட்டிப் பதில் தேடினான். [அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கத்தான் அவள் இரண்டு வருடம் செலவழித்தாள்.]

புத்தகத்தில் ஏதோ குளிர்தேசத்து நகரம், சுரங்க ரயில், ரத்தம் குடிப்பவர்கள். அவளுக்கு ஒட்டவில்லை. தனக்கு அத்துப்படியான ஊரை எடுத்துக்கொண்டாள். செங்கல்பட்டு. எங்கள் பக்கத்தில் சுருக்கமாகச் செங்கை. மாலை ஆறு மணிக்கு வெளிச்சம் போகவும் போகாமல் இருக்கவும் தடுமாறும் இருபது நிமிடத்தில் அந்த ஊர் வேறு ஊராகிவிடும். ரயில் நிலையத்தில் கறுப்புக் கோட்டு போட்ட முனி டிக்கெட் கேட்பார். ஏரியிலிருந்து நீர்ப்பெண்கள் ஏறிவந்து டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை எழுதுவார்கள். தாலுக்கா ஆபீஸ் வாசலில் எழுபது வருடமாகப் பட்டாவுக்கு அலையும் பேய் மனுவோடு நிற்கும். விளையாட்டின் பெயர் "அந்திச் செங்கை". அறுபத்து நான்கு பக்கம். தெரு தெருவாக எழுதியிருந்தாள். படங்கள் ஷ்யாம். டி.டி.பி. நான். கதை சொல்லி நடத்துபவருக்கு எங்கள் பக்கத்துக் கூத்திலிருந்து பெயர் எடுத்துக் கட்டியக்காரர் என்று வைத்தோம். பகடைக்குத் தாயக்கட்டை.

விதிப் புத்தகத்தின் முதல் விதி: *தாயம் விழுந்தால் மட்டுமே ஊருக்குள் நுழையலாம். ஒருவருக்கு விழுந்தால் எல்லோரும் நுழையலாம்.*

இதை வைக்க வேண்டும் என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. தாயம் போடாமல் காய் இறக்கியதாக எங்கள் மூன்று பேர் வீட்டிலும் சரித்திரம் இல்லை. எழுதினாள், அடித்தேன், அச்சாகிவிட்டது.

4

சந்தையைப் பற்றி.

சங்கரி முறையாக ஆய்வு செய்தாள். கம்பெனி பஸ்ஸில் நாற்பத்தொரு பேரிடம் நான்கு கேள்விகள். "பேய்கள் உலவும் செங்கல்பட்டில் ஒரு மாலை வேறொருவராக இருக்க உங்களுக்கு விருப்பமா?" என்பது முதல் கேள்வி. இருபத்தாறு பேர் "யார் ஜெயிப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஒன்பது பேர் தூக்கம். ஐந்து பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், சாராள் என்று பேக்கிங் பிரிவில் இருப்பவர், "இப்ப மட்டும் நான் யாரா கீறேன்னு நெனச்ச?" என்றார். இந்தப் பதிலை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று தெரியாமல் சங்கரி தனித்தாளில் எழுதிவைத்தாள்.

பிறகு கடைகள். மூன்று கடைக்காரர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இதை எந்த ஷெல்ஃபில் வைப்பது? முதலாமவர் பெட்டியைப் பரமபதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாம்பும் இல்லை ஏணியும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். புத்தகக் கடைக்காரர், பெட்டியில் வருவது புத்தகம் ஆகாது என்றார். பூஜைச் சாமான் கடைக்காரர் அட்டைப்படத்தில் முனியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இத்த வாங்கினா எடுக்கறதா, வைக்கறதா?" என்று கேட்டார்.*

(*சூனியத்தை. விளக்கம் தேவையில்லை என்று ஷ்யாம் சொன்னான். டவுன்ஷிப் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.)

சந்தை என்பது வாங்கும் ஆட்கள் இருக்கும் இடம் என்று நினைத்திருந்தோம். வைக்கும் இடம் இருந்தால்தான் வாங்கும் ஆளே தெரிவான் என்று பிறகு புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் சங்கரியைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து இரண்டாம் ஷிப்டுக்கு மேற்பார்வையாளராகப் போகிறாயா என்று கேட்டார்கள். மதியம் இரண்டிலிருந்து இரவு பத்தரை. பெரிய பதவி. போனால் மாலை என்பதே அவளுக்குக் கிடையாது. வகுப்பு இல்லை, அந்திச் செங்கை இல்லை. திங்கட்கிழமை காலை பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய நாள் ஞாயிறு. மாமல்லபுரத்தில் சங்குக்கடை வைத்திருக்கும் தேசப்பனுக்கு, கோவளம் ஏசுபாதம் என்பவர் வேனில் பொம்மைச் சரக்கு கொண்டுவருவார். கோவளத்திலிருந்து மரக்காணம் வரை எல்லாக் கடைக்கும் அவர் சரக்குதான். தேசப்பன் சங்கரியின் பக்கத்து வீட்டுக்காரரின் மச்சான். "ஆளு வருவாரு, ஆடிக் காட்டு" என்று சொல்லியனுப்பினார்.

சங்கரியின் கணக்கு சுலபமானது. ஏசுபாதம் சரி என்றால் ஷிப்ட் வேண்டாம். வேண்டாம் என்றால் ஷிப்ட் சரி.

5

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். ஷ்யாம் இந்தக் கதைக்குத் தேவையா? புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டான், படம் வரைந்துவிட்டான், இனி அவனுக்கு வேலை இல்லை. ஆனால் எடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆள் குறையும். இருக்கட்டும்.

வசந்த் என்று ஒருவன் இருந்தான். முதல் மூன்று வரைவுகளில் சங்கரியின் யோசனையைத் திருடி சென்னையில் விற்கப் பார்த்தான். கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று நான் சேர்த்தது. எழுத எழுத அவன் நல்லவனாகிக்கொண்டே வந்தான். மூன்றாம் வரைவில் திருடியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ வாங்கித் தந்தான். நீக்கிவிட்டேன். எங்காவது வெளியே உட்கார்ந்திருக்கட்டும்.

கட்டைகளைப் பற்றிச் சொல்ல மறந்தேன். இரண்டு வருடமும் சங்கரி வீட்டுப் பழைய இரும்புத் தாயக்கட்டையில்தான் ஆடிப் பார்த்தோம். விற்பனைக்கு நாற்பது பெட்டி. அதற்கு எண்பது கட்டைகளை ஃபோர்மேனிடம் அனுமதி கேட்டு, கழிவுப் பித்தளைத் துண்டுகளில், சாப்பாட்டு நேரத்தில் கடைசல் பிரிவு ராமதாஸ் செய்துகொடுத்தார். சனிக்கிழமைதான் கைக்கு வந்தன. அன்று மாலையே சங்கரி எண்பதையும் அளந்தாள், திருப்பினாள், விரலால் தடவினாள். எண்பதும் தேறின.*

(*இங்கே ஒரு வரியை விட்டிருக்கிறேன். ஏழாம் பகுதியில் தருவேன். பின்னால் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லக் கூடாது.)

6

ஞாயிறு மாலை நாலு மணி. தேசப்பனின் கடையில் கிளிஞ்சல் மாலைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் பாய் விரித்தோம். ஏசுபாதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இதான் அந்தப் பேய் வெளையாட்டா? ஆறரைக்கு வேன் கெளம்பணும் கண்ணு. சுருக்கா காட்டு."

ஆட ஐந்து பேர் வேண்டும். ஏசுபாதம், தேசப்பன், ஷ்யாம், நான். கடை ஓரத்தில் ஃபேனுக்கு அடியில் மீன் விற்று முடித்த ஆதியம்மாள் காலிக் கூடையைத் தலைமாட்டில் வைத்துக் காலை நீட்டியிருந்தார். அவர் குப்பத்துக்குப் போகும் ஆட்டோவுக்கு ஆள் சேரவில்லை.

"யக்கா, சும்மாதான குந்திகினு கீற? வா, ஒரு கை கொறையுது" என்றார் தேசப்பன்.

"இன்னா, சீட்டா?"

"இல்ல, தாயக்கட்ட."

"அப்ப சரி. சீட்டுன்னா என் மருமவ ஊரக் கூட்டுவா."

ஆளுக்கொரு அட்டை எடுத்தோம். தேசப்பனுக்கு டிக்கெட் பரிசோதகர் முனி. ஆதியம்மாளுக்குப் பரீட்சை எழுதப் போகும் நீர்ப்பெண். ஏசுபாதத்துக்குப் பட்டா கேட்கும் பேய். ஷ்யாமுக்குத் தன் நிழலைத் தொலைத்த மாணவன். எனக்கு வந்தது சுமைதாங்கிக் கல். பேச முடியாது. ஆகவே நோட்டை எடுத்து, விழும் எண்களைக் குறிக்கத் தொடங்கினேன்.

சங்கரி அறுபத்து நான்கு பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மணி ஆறு. படாளம் கூட்டுரோடு. நீங்க அஞ்சு பேரும் அந்திச் செங்கைக்குப் போவ பஸ்ஸுக்கு நிக்கிறீங்க. தாயம் வுழுந்தா பஸ் நிக்கும். போடுங்க."

ஏசுபாதம் போட்டார். நான்கு.

தேசப்பன் போட்டார். இரண்டு. ஷ்யாம் மூன்று. ஆதியம்மாள் கட்டைகளை உள்ளங்கையில் உருட்டி, ஊதி, பாயில் விட்டார். ஆறு.

"ஒரு பஸ் வருது" என்றாள் சங்கரி. "நிக்கல."

பத்து பஸ் நிற்கவில்லை. இருபது நிற்கவில்லை. ஏசுபாதம் கடிகாரத்தைப் பார்த்தார். சங்கரி மடியிலிருந்த புத்தகத்தை இறுக்கிப் பிடித்தாள். இரண்டாம் பக்கத்தில் ரயில் நிலையம். அங்கே போய்விட்டால் போதும். [அவளுக்கு இரண்டாம் ஷிப்டின் சங்குச் சத்தம் கேட்டிருக்கும்.]

"சரி, தாயம் வேணாம்" என்றாள். "பஸ் நின்னுச்சுன்னு வெச்சிக்கலாம். உள்ள போயிடலாம்."

"அதெப்படிமா?" என்றார் தேசப்பன். உண்மையாகவே அதிர்ந்துபோனார். "தாயம் வுழாம எப்படி உள்ள போறது? ஆட்டம்னா ஆட்டம்."

"கட்டைய மாத்திப் பாக்கலாமா?" என்று ஷ்யாம் மெதுவாகக் கேட்டான்.

ஆதியம்மாள் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கட்ட மேல பழி போடாத. என் கண்ணாலத்துக்கு மொத நாளு சாயங்காலம் முழுக்க ஆடுனோம், ஒருத்திக்கும் தாயம் வுழல. அதுக்கின்னா கண்ணாலம் நின்னா பூட்ச்சி?"

சங்கரி கட்டைகளைப் பொறுக்கி அடுத்தவரிடம் நீட்டினாள். அவளே சோதித்த கட்டைகள். அவற்றைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இன்னொரு பஸ்" என்றாள் சோர்வாக. "கூட்டம். நிக்கல."

"நிக்கலன்னா அடுத்தது வரும்" என்றார் ஆதியம்மாள். பிறகு தேசப்பன் பக்கம் திரும்பினார். "ஏம்பா டிக்கெட்டு, கோட்டு போட்டுகினு சும்மா கீறியே, கை காட்டி நிறுத்தக் கூடாதா?"

தேசப்பன் ஒரு கணம் விழித்தார். தான் யார் என்று அட்டையைப் பார்த்துக்கொண்டார். "நான் ரயில்வே. எனக்கு பஸ்ஸு நிக்காது" என்றார். பிறகு, "நீ இன்னா இவ்ளோ ஈரமா கீற? பஸ்ல ஏத்த மாட்டானுங்க."

"ஏரிலேர்ந்து வந்தா ஈரமாத்தான் இருப்பாங்க. உன்னாட்டம் கருவாடா வருவாங்க?"

"பரீட்சைக்குப் படிச்சியா?"

"படிச்சேன் நைனா. ஏ எஸ் டி எஃப்-லாம் மனப்பாடம். வெரலு நடுவுல ஜவ்வு கீதே, அதான் பேஜாரு. ஒரு எழுத்து அடிச்சா ரெண்டு எழுத்து வுழுது." விரல்களை விரித்துக் காட்டினார். பாதிநாள் கடல்நீரிலும் மீதிநாள் மீன்செதிலிலும் ஊறிய விரல்கள். அந்த நேரத்தில் அவற்றின் நடுவே எனக்கு ஜவ்வு தெரிந்தது. சத்தியமாக.

சிரித்து முடிக்க நெடுநேரம் ஆனது. ஏசுபாதம் மட்டும் சிரிக்கவில்லை. ஆதியம்மாள் அவரை விடவில்லை.

"இன்னாயா பெரியவரே, செத்து எத்தினி நாளாச்சி?"

ஏசுபாதம் அட்டையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுவது வருசம்."

"பட்டா வந்துச்சா?"

"சர்வே நம்பரு தப்பா கீதாம். ஆள நேர்ல கூட்டியான்றான். நான்தான்யா அந்த ஆளுன்றேன். நீ செத்துட்டியே, எறப்புச் சான்றிதழ் எங்கன்றான்."

"குடுக்க வேண்டியதுதான?"

"அதுல பேரு தப்பா கீது."

கடைக்கு வெளியே கேமரா மாட்டிக்கொண்டு போன இரண்டு வெள்ளைக்காரர்கள் நின்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். ஷ்யாம், தன் நிழலை ஏசுபாதம் வேண்டுமானால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், கிடைத்ததும் தருகிறேன் என்றான். உயிர் இருப்பதற்கு அத்தாட்சியாக நிழலைக் காட்டலாமே என்றான். அவனை வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

சங்கரி என்ன செய்தாள்? மடியிலிருந்த அறுபத்து நான்கு பக்கத்திலும் படாளம் கூட்டுரோட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. அது ஊருக்கு வெளியே. ஒவ்வொரு பஸ்ஸையும் அவள் அந்தந்த நேரத்தில் உண்டாக்க வேண்டியிருந்தது. முதலில் பயந்து பயந்து செய்தாள். பிறகு கல்யாண பஸ் ஒன்று வந்தது, மாப்பிள்ளை இல்லாமல். ஒரு பஸ் முழுக்க வாத்துகள், கண்டக்டர் உட்பட. கரும்பு ஆலைக்குப் போகும் டிராக்டர் ஒன்று நின்று, ஏறச் சொன்னது. டிராக்டர்தான் சொன்னது, ஓட்டுபவர் யாரும் இல்லை. யாரும் ஏறவில்லை. தாயம் விழவில்லையே. ஓரத்தில் ஒரு டீக்கடை முளைத்தது. பேய் டீ குடிக்குமா என்று தேசப்பன் கேட்டார். "வாசன புடிச்சா போதும். ரெண்டு நாளிக்குத் தாங்கும்" என்றார் ஏசுபாதம்.

எப்போது என்று தெரியவில்லை, அவள் அறுபத்து நான்கு பக்கத்தையும் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்திருந்தாள்.

ஆறரைக்கு வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். "டேய் முனிசாமி, நீ போய் டீ குடி!" என்று ஏசுபாதம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். "இங்க எங்களுக்கே பஸ் வரல!" ஆதியம்மாளுக்கு ஆட்டோ வந்தது. அவரும் அனுப்பிவிட்டார்.

ஏழு மணிக்கு நூற்று முப்பத்தேழாவது முறையாகத் தாயம் விழவில்லை. ஏசுபாதம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எத்தினி பெட்டி கீது?"

"நாப்பது" என்றாள் சங்கரி.

"ஒன்னு என் வூட்டுக்கு. மீதிய கடைங்களுக்குப் போடறேன். அடுத்த ஞாயித்துக்கெழம வேன்ல ஏத்திக்கறேன்."

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எந்த ஷெல்ஃப்ல வைப்பீங்க?"

"ஷெல்ஃபு இன்னாத்துக்கு? கல்லா பக்கத்துல. சில்லறைக்கு நிப்பான் பாரு, அவன் கண்ணுல படணும். காத்துகினு நிக்கறவனுக்குத்தான் இது." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "ஊருக்குள்ள இன்னா கீதுன்னு சொல்லிடாத கண்ணு. நானே போய்ப் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை காலை சங்கரி ஷிப்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. என்னால் முடியவில்லை, கூட்டிப் பார்த்துவிட்டேன்.

7

திங்கள் மாலை வகுப்பில் மின்சாரம் இல்லை. சும்மா இருக்க முடியாமல் எண்களைத் தொகுத்தேன். இரண்டு, முப்பத்தைந்து முறை. மூன்று, முப்பத்துமூன்று. நான்கு, நாற்பத்து நான்கு. ஐந்து, பதினேழு. ஆறு, எட்டு. தாயம் இல்லை. பன்னிரண்டும் இல்லை. துரதிர்ஷ்டம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. நான் குறித்ததில்தான் பிழை என்று இரண்டு முறை எண்ணினேன். பிறகு சங்கரியின் பையிலிருந்த பெட்டியை வாங்கி, ஒரு கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன்.

தாயக்கட்டைக்கு நான்கு பக்கம். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, நான்காவது வெறுமை. ஒரு கட்டையில் ஒன்றும் மறு கட்டையில் வெறுமையும் விழுந்தால் தாயம். இரண்டிலும் வெறுமை விழுந்தால் பன்னிரண்டு.

இந்தக் கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று.

விட்டுப்போன வரி இதுதான்: *சனிக்கிழமை மாலை சங்கரி, தேறிய ஒவ்வொரு கட்டையிலும் காலியாக ஓர் இடம் பார்த்து, ஒரு புள்ளி குத்தினாள்.*

எண்பது கட்டை. எண்பது ஓ.கே. குத்து. நாலு வருடப் பழக்கத்தில் கை தானாகச் செய்தது.

நான் கட்டையை அவளிடம் நீட்டினேன். திருப்பினாள். விரலால் தடவினாள். அப்புறம் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஷ்யாம் தண்ணீர் பாட்டிலைத் தேடினான்.

"பாஸ் பண்ணிட்டேன் வக்கீலு" என்றாள் சிரிப்புக்கு நடுவே. வகுப்பில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "ஒன்னு வுடாம பாஸ் பண்ணிட்டேன்! அந்த யக்கா ஊதி ஊதிப் போட்டாங்களே... ஐயோ!"

சிரித்து ஓய்ந்ததும் கட்டையைப் பெட்டியில் போட்டு மூடினாள். தேறாத பொருள் கேட்டைத் தாண்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வேன் வரும்.

8

முடிவு (அ). எல்லாவற்றையும் சரிசெய்கிறாள். நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன்: இரண்டு கட்டையிலும் புள்ளியை அழிக்கத் தேவையில்லை. ஒன்றில் அழித்தாலே போதும், தாயம் விழும் வாய்ப்பு நியாயமான கட்டைகளில் உள்ள அதே எட்டில் ஒன்று. நாற்பது கட்டையை உப்புத்தாளில் தேய்த்தால் வேலை முடிந்தது. மக்கள் உள்ளே போவார்கள். அறுபத்து நான்கு பக்கமும் படிக்கப்படும். ஆனால் எட்டாவது பஸ்ஸிலோ பத்தாவது பஸ்ஸிலோ ஏறிவிடுவார்கள். "செத்து எத்தினி நாளாச்சி?" என்று யாரும் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முடிவு (ஆ). அப்படியே அனுப்புகிறாள். எந்த வீட்டிலும் யாரும் ஊருக்குள் போவதில்லை. நீர்ப்பெண் பரீட்சை எழுதுவதே இல்லை. சங்கரியின் ரயில் நிலையத்தை ஒரு கண்கூடப் பார்ப்பதில்லை. தெரிந்தே தேறாததை அனுப்ப அவளால் முடியாது. இதை எழுதும்போதே பேனா

விட்டுவிடுகிறேன்.

முடிவு (இ). நடந்தது. செவ்வாய் மாலை சங்கரி கடைவீதியில் இரும்புக்கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கிவந்தாள். தீப்பெட்டி அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கினோம். கட்டைகளைத் தொடவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டு உப்புத்தாளும், நான் டி.டி.பி. செய்த ஒரு சீட்டும் வைத்தோம். அவள் சொல்லச் சொல்ல அடித்தது:

*இந்தக் கட்டைகளில் தாயம் விழாது. இது தெரிந்தே அனுப்பப்படுகிறது. முதலில் வெளியே காத்திருங்கள். உள்ளே போயே ஆகவேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும் நாளில், ஏதாவது ஒரு கட்டையில், ஒற்றைப் புள்ளி உள்ள இரு பக்கங்களில் ஒன்றை இந்தத் தாளால் தேய்த்து அழிக்கவும். அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு தாயம் விழும். சோதித்தவர்: ப. சங்கரி.*

ஏசுபாதம் தன் பெட்டியின் சீட்டைப் படித்து, மடித்துத் திரும்ப உள்ளே வைத்தார். உப்புத்தாளை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாற்பது பெட்டியும் வேனில் ஏறின. ஒன்றும் திரும்பி வரவில்லை. மரக்காணத்தில் ஒரு கடையிலிருந்து இன்னும் பத்து கேட்டிருக்கிறார்கள். குத்தோடு வேண்டுமாம்.

யாராவது தேய்த்தார்களா என்று எங்களுக்குத் தெரியாது. "ஒருத்தராவது தேய்ச்சிருப்பாங்க இல்ல?" என்று வகுப்பு முடிந்து படியிறங்கும்போது சங்கரி அவ்வப்போது கேட்பாள். ரயில் நிலையத்து முனிக்கு அவள் வைத்திருக்கும் வசனம் நன்றாக இருக்கும். அது எனக்குத் தெரியும், அடித்தவன் நான். ஆனால் உங்களிடம் சொல்ல மாட்டேன். நான் சுமைதாங்கிக் கல்.

நாற்பத்தொன்றாவது துண்டு உப்புத்தாள் ஒன்று மிஞ்சியது. இந்தக் கையெழுத்துப் பிரதியின் கடைசித் தாளில் குண்டூசியால் குத்தியிருக்கிறேன். அச்சில் அது வராது. கையில் கிடைத்த எந்தத் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போக வேண்டும் என்றால் தேயுங்கள். பாதியில் மனம் மாறினால் நிறுத்திவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதுவரை படாளம் கூட்டுரோட்டில் இடம் இருக்கிறது. டீ சூடாக இருக்கிறது. ஆதியம்மாள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஏதோ கேட்கப் போகிறார். வசந்த்தைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.